கோளாறு திரையில்தான்

ஜூன் 14, செவ்வாய்

காலையிலிருந்து மானிட்டர் சண்டித்தனம் பண்ணுகிறது. ஓரங்களில் எழுத்து ஒழுங்காக நிற்கிறது. நடுவுக்கு வந்ததும் வரி தொய்ந்து இறங்கி, ஈரத்துணி காயப்போட்ட கொடிபோலத் தொங்கி, அந்தப் பக்கம் மறுபடி ஏறுகிறது. கல்யாணப் பத்திரிகை ஒன்றைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளை பெயர் மட்டும் பள்ளத்தில் விழுந்து கிடந்தது. தாலி கட்டுவதற்கு முன்பே இந்தக் கதியா என்று சிரித்துக்கொண்டேன்.

பெட்டி மாதிரி இருக்கும் பழைய மானிட்டர். வருகிறவர்கள் எல்லாம், "இன்னுமா இத வச்சிருக்கிய?" என்று கேட்காமல் போவதில்லை. என் பழைய தமிழ் எழுத்துருக்கள் இந்தக் கணினியில்தான் ஓடும். புதியதில் அதே கோப்பைத் திறந்தால் வெறும் கட்டம் கட்டமாக வருகிறது. வேலாயுதம் அண்ணாச்சியின் அச்சகத்துக்கு நான் வீட்டிலிருந்தபடியே அச்சுக்கோத்து, பிழை பார்த்துக் கொடுக்கிறேன். "ஆவுடையக்கா பாத்துட்டாவன்னா அதுக்கு மேல பிரம்மாவே பாக்க வேண்டாம்" என்று அண்ணாச்சி எல்லோரிடமும் சொல்வார். எனக்கு அது கொஞ்சம் பெருமைதான்.

இந்தத் திரை போனால் அந்த வேலை போகும். வேலை போனால், ஒண்டியாக இருந்து என்ன செய்யப்போகிறாய் என்று கேட்டு என் மகள் பூரணி என்னைப் பாளையங்கோட்டையிலிருந்து பெயர்த்துப் பூனேயில் பதினோராவது மாடியில் கொண்டுபோய் நட்டுவிடுவாள். அவள் நல்லவள்தான். எனக்கு அந்த மாடி வேண்டாம். ஆகவே மானிட்டரைச் சரிசெய்தாக வேண்டும்.

ஜூன் 15, புதன்

கணினி பழுதுபார்க்கும் செய்யதுக்குப் போன் பண்ணினேன். பயலாக இருந்தபோதிலிருந்தே அவருக்கு இந்தப் பெட்டியைத் தெரியும். இப்போது அவர் பெண்ணே கல்லூரிக்குப் போகிறாள். "பின்னாடி நீல வயரு இருக்கும்லாக்கா, ரெண்டு பக்கமும் திருகு இருக்கும், அத இறுக்குங்க. பக்கத்துல ஸ்பீக்கர் இருந்தா தூக்கி அந்தால வைங்க. காந்தம் இழுத்தா படம் வளையும்" என்றார்.

இறுக்கினேன். ஸ்பீக்கர் இரண்டையும் கொண்டுபோய் அரிசி டின் மேல் வைத்தேன். வளைவு அப்படியே இருக்கிறது. கூடத்து மின்விசிறியிலும் காந்தம் இருக்குமே என்று அதையும் நிறுத்திவிட்டு வியர்க்க வியர்க்க உட்கார்ந்து பார்த்தேன். பயன் இல்லை.

மாலையில் தோசைக்கு அரைத்தேன். உளுந்து சரியாகப் பொங்கவில்லை.

ஜூன் 17, வெள்ளி

மானிட்டரின் கீழ்ப்பக்கம் லாடப் படம் போட்ட பொத்தான் ஒன்று இருக்கிறது. அதை அமுக்கினால் "டொம்" என்று சத்தம் வந்து, படம் நடுங்கி நிற்கும். காந்தக் கோளாறு இருந்தால் அதில் போய்விடுமாம். இன்று அமுக்கிக்கொண்டே இருந்தேன். எதிர்வீட்டுக்காரி எட்டிப்பார்த்து, "என்னக்கா, மாவு இடிக்கியளா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

ஜூன் 23, வியாழன்

செய்யது வந்தார். கணினிப் பெட்டியின் உறையைக் கழற்றித் தூசியை ஊதினார். உள்ளேயிருந்து ஒரு பட்டையை உருவி, அதன் பித்தளைப் பற்களைப் பள்ளிக்கூட அழிரப்பரால் தேய்த்துத் திரும்பச் செருகினார். அவர் கடையில் பாதி வியாதிக்கு இந்த அழிரப்பர்தான் மருந்து. பிறகு திரையில் முழுக்கக் கோடு கோடாக ஒரு படத்தைப் போட்டார்.

"நேராத்தான இருக்கு?"

"எங்க நேரா இருக்கு? நடுவுல பாரும், வயிறு தள்ளிக்கிட்டு நிக்கி."

அவர் குனிந்து பார்த்தார், தள்ளி நின்று பார்த்தார், என் நாற்காலியிலேயே உட்கார்ந்து பார்த்தார். "எனக்கு நேராத்தான்க்கா தெரியுது. கண்ணாடி மாத்தி ரொம்ப நாள் ஆச்சோ?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. கண்ணைப் பற்றி என்னிடம் பேசலாமா? ஒற்றுப் பிழையைத் தெருக்கோடியில் இருந்தே பிடிப்பவள் நான். பேருந்தில் போகும்போது சுவரொட்டியில் 'வாழ்த்துக்கள்' என்று பார்த்தால் இறங்கிப்போய்த் திருத்தவா என்று கை பரபரக்கும். "உமக்கு அவசரம், அதான் நேரா தெரியுது" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே காபியைக் குடித்துவிட்டுப் போனார்.

ஜூன் 24, வெள்ளி

இந்த நோட்டிலும் கோடுகள் கோணலாகத்தான் அடித்திருக்கிறார்கள். இப்போது எவனுக்கும் வேலையில் கருத்தில்லை.

ஜூலை 2, சனி

ஒரு அதிசயம். மாடியில் வடகம் எடுக்கப் போனபோது இடது கண்ணில் தூசி விழுந்துவிட்டது. அந்தக் கண்ணை மூடிக்கொண்டே கொஞ்ச நேரம் வேலை பார்த்தேன். அவ்வளவு நேரமும் திரை கம்பி மாதிரி நேராக இருந்தது! தூசி போய்க் கண்ணைத் திறந்தேன், மறுபடி தொய்வு. அந்த நேரத்தில் மின்சாரம் சீராக வந்திருக்க வேண்டும். செய்யதிடம் ஸ்டெபிலைசர் ஒன்று கேட்க வேண்டும்.

ஜூலை 6, புதன்

பூரணி போனில் கேட்டாள். "என்னம்மா, குரல் ஒரு மாதிரி இருக்கு?"

"மானிட்டர் பாடாப் படுத்துது."

"தூக்கிப் போட்டுட்டு நீ இங்க வாயேன். எத்தன வருசமா அதோட மல்லுக்கட்டுத?"

அதற்குத்தான் அவளிடம் எதையும் சொல்வதில்லை. சாம்பார் அடிபிடிக்கிறது என்று போனை வைத்தேன். அடுப்பில் ஒன்றுமே இல்லை.

ஜூலை 11, திங்கள்

ஸ்டெபிலைசரால் பலன் இல்லை. செய்யது தன் கடையிலிருந்து தட்டை மானிட்டர் ஒன்றைக் கொண்டுவந்து மாட்டினார். பளிச்சென்று வெளிச்சம் வந்தது. ஒரு நிமிடம் மனசும் குளிர்ந்தது. கோப்பைத் திறந்தேன். அதே பள்ளம். அது மட்டுமில்லை, நடுவில் ஈயப் பாத்திரத்தின் கருக்கல் மாதிரி ஒரு கறை.

"இதுலயும் இருக்கே?"

செய்யது மானிட்டரை அணைத்தார். வயரைச் சுருட்டிக்கொண்டே, "அப்பம் மானிட்டர்ல ஒண்ணும் இல்லக்கா" என்றார்.

"அப்ப சிஸ்டத்துலதான் கோளாறு."

"சிஸ்டத்துலயும் இல்ல." பிறகு, "ஒரு நாள் கண் ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வாங்களேன். நான் வேணா வண்டியில கூட்டிட்டுப் போறேன்" என்றார்.

ஆடி முடிந்தால் ஆவணி. முகூர்த்தம் எல்லாம் குவிந்து கிடக்கிறது. இப்போது எங்கே ஆஸ்பத்திரிக்குப் போவது? பார்க்கலாம் என்றேன். அவர் போன பிறகு பழைய மானிட்டரையே மாட்டிக்கொண்டேன். பழகின பிசாசு.

ஜூலை 19, செவ்வாய்

கறை பழைய திரையிலும் வந்துவிட்டது. ஈரத்துணியால் துடைத்தேன், விபூதி போட்டுத் துடைத்தேன். போகவில்லை. மேலே பார்த்தால் மேலே இருக்கிறது, கீழே பார்த்தால் கீழே இருக்கிறது. எந்தச் சொல்லைப் படிக்க வேண்டுமோ சரியாக அந்தச் சொல்லின் மேல் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

எழுத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கறையும் கூடவே பெரிதானதுபோல் இருக்கிறது. சொல்லுக்குப் பக்கத்தில் பார்த்தால் சொல் கொஞ்சம் தெரிகிறது. இப்படியே ஓரமாகப் பார்த்துப் பார்த்து வேலையை ஒப்பேற்றுகிறேன். விரல்களுக்குத் திரை தேவையில்லை. அவை பாட்டுக்குத் தட்டும். தட்டினதைப் படிப்பதுதான் பாடு.

கொஞ்சம் பயமாக இருக்கிறது. ஆவணி முடியட்டும்.

ஜூலை 30, சனி

அண்ணாச்சி அச்சகத்திலிருந்து வேலை வந்துகொண்டே இருக்கிறது. கல்யாணப் பத்திரிகையை யாரும் முதலிலிருந்து கோப்பதில்லை. முன்பு முடித்த பத்திரிகை ஒன்றைத் திறந்து, பிள்ளையார், தேர், குத்துவிளக்கு எல்லாம் அப்படியே இருக்க, பெயரையும் நாளையும் மட்டும் மாற்றுவோம். இன்று ஒரு பெண் வீட்டாரின் பத்திரிகையை அப்படி முடித்தேன். பழைய பெயர்களை அழித்துப் புதுப் பெயர்களை அடித்தேன். இரண்டு முறை படித்தேன். படித்தேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

ஆகஸ்ட் 3, புதன்

அனுப்பிவிட்டேன். பிழை இல்லை என்று அண்ணாச்சியிடம் சொல்லிவிட்டேன்.

ஆகஸ்ட் 10, புதன்

எழுதவே மனசில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

காலையில் அண்ணாச்சி போனில் கூப்பிட்டார். எடுத்ததும், "எக்கா, என்னக்கா இப்படி செஞ்சிட்டிய" என்றார். அவர் என்னிடம் அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை.

பழைய பத்திரிகையில் மாப்பிள்ளையின் தகப்பனார் காலமானவர். அவர் பெயருக்கு முன்னால் 'தெய்வத்திரு' என்று போட்டிருந்தது. புதுப் பத்திரிகையில் மாப்பிள்ளையின் தகப்பனார் பிரமநாயகம் உயிரோடு, திடமாக இருக்கிறார். 'உயர்திரு' என்று மாற்றியிருக்க வேண்டும். நான் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

அச்சகத்திலும் யாரும் பார்க்கவில்லை. அக்கா பார்த்துவிட்டார்கள் என்றால் அங்கே அதற்கு மேல் பேச்சில்லை. பெண் வீட்டாரும் தங்கள் பக்கத்துப் பெயர்களை மட்டும் பார்த்துவிட்டுத் தலையாட்டியிருக்கிறார்கள். அடித்து, மஞ்சள் தடவி, முதல் பத்திரிகையைச் சாமி காலடியில் வைத்துவிட்டு, அடுத்ததை வெற்றிலை பாக்கு, பழத்தோடு தாம்பாளத்தில் வைத்துச் சம்பந்தி கையில் கொடுத்திருக்கிறார்கள். அவர் பிரித்துச் சத்தமாக வாசித்திருக்கிறார். தன் பெயர் வந்த இடத்தில் நிறுத்தியிருக்கிறார்.

'திரு' எனக்குத் தெரிந்தது. அது நன்றாக நினைவிருக்கிறது. அதற்கு முன்னால் இருந்ததன் மேல்தான் கறை உட்கார்ந்திருந்தது. அங்கே 'உயர்' இருக்கும் என்று மனசு போட்டுக்கொண்டது. இத்தனை ஆண்டுகளில் எவ்வளவு பேருடைய பிழையைப் பார்த்து உச்சுக்கொட்டியிருப்பேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது. சாப்பிடவே பிடிக்கவில்லை.

ஆகஸ்ட் 12, வெள்ளி

வாசலில் ஒருவர் வந்து நின்றார். வெள்ளை வேட்டி தெரிந்தது, கையில் குடை தெரிந்தது.

"யாருங்க?"

"நான்தாம்மா, தெய்வத்திரு பிரமநாயகம்."

"உள்ள வரலாமா? பேய் பிசாசு இல்ல. காலு ரெண்டும் தரையிலதான் இருக்கு பாத்துக்கிடுங்க" என்றார். உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டேன்.

"எனக்குச் சிரிப்புதாம்மா வந்துச்சு. என் வீட்டுக்காரிக்குத்தான் தாங்கல. தாலிய கையில புடிச்சிக்கிட்டு ஒரே அழுக. கல்யாணத்தையே நிறுத்துங்கன்னுட்டா. அவள சமாதானப்படுத்தி, வேற பத்திரிக அடிக்கச் சொல்லியாச்சு. ஒரு எழுத்துல என்னக் கொன்ன அந்த அம்மாவ ஒரு தடவ பாத்துட்டு வருவோம்னு வந்தேன்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் சிரிக்கச் சிரிக்க எனக்கு அழுகை முட்டியது. மானிட்டர் கோளாறு என்று ஏதோ சொல்லத் தொடங்கினேன். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு, என்னையே பார்த்துக்கொண்டிருந்ததுபோல் இருந்தது.

"ஏம்மா, பேசும்போது என் காதையே பாக்கிய?"

"உங்க முகத்தத்தான் பாக்கேன்."

"இல்லம்மா." நாற்காலியை நகர்த்தும் சத்தம் கேட்டது. "இப்பமும் காதத்தான் பாக்கிய. எங்க கூடப்பொறந்த அண்ணாச்சி கடைசி காலத்துல இப்படித்தான். ஆளப் பாத்துப் பேச மாட்டாவ, ஆளுக்குப் பக்கத்துல பாத்துப் பேசுவாவ. கேட்டா, அப்பத்தாம்ல மூஞ்சி தெரியிதும்பாவ."

போகும்போது வாசலில் நின்று, "யாரையாவது கூட்டிக்கிட்டு நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்க தாயி. கல்யாணத்துக்கும் வரணும்" என்றார். குரலில் சிரிப்பு இல்லை.

ஆகஸ்ட் 13, சனி

வாசல் கதவின் கம்பிகளைப் பார்த்தேன். இடது கண்ணை மூடிப் பார்த்தேன். வலது கண்ணை மூடிப் பார்த்தேன். மானிட்டரைப் போடவே இல்லை.

ஆகஸ்ட் 18, வியாழன்

பூரணி விமானம் பிடித்து வந்துவிட்டாள். செய்யது சொல்லியிருக்கிறார். இரண்டு பேரும் சேர்ந்து என்னைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்கள்.

டாக்டர் சின்னப் பெண். கட்டம் கட்டமாகக் கோடு போட்ட ஒரு தாளைக் கையில் கொடுத்து, "நடுவுல ஒரு புள்ளி இருக்குல்லம்மா, அதையே பாருங்க. சுத்தி இருக்கிற கோடெல்லாம் நேரா தெரியுதா?" என்றாள்.

"எந்த அச்சகத்துல அடிச்சது? எல்லாம் கோணலா இருக்கு" என்றேன். பூரணி என் தோளைப் பிடித்தாள். புள்ளி எனக்குத் தெரியவே இல்லை என்று பிறகு சொன்னேன்.

என்னென்னவோ சொட்டு மருந்து விட்டார்கள், படம் எடுத்தார்கள். கடைசியில் டாக்டர், "கோளாறு விழித்திரையிலம்மா" என்றாள்.

விழித்திரை. பள்ளிக்கூட அறிவியல் புத்தகங்களில் இந்தச் சொல்லை எத்தனையோ முறை சரிபார்த்திருக்கிறேன். நடுவில் 'த்' விட்டுப்போயிருக்கிறதா என்று மட்டும் பார்ப்பேன். இருந்தால் அடுத்த சொல்லுக்குப் போய்விடுவேன். கோளாறு திரையில்தான் என்று ஆனி மாதத்திலிருந்து நானும் சொல்லிக்கொண்டுதானே இருந்தேன்?

இடது கண்ணில் நடுப்பார்வை போய்த் தழும்பாகிவிட்டதாம். இனி வராது. வலது கண்ணிலும் தொடங்கியிருக்கிறது. கண்ணுக்குள் ஊசி போட்டால் இருப்பதைக் கொஞ்ச நாள் பிடித்துவைக்கப் பார்க்கலாமாம். "கோடு வளைஞ்சு தெரிஞ்ச அன்னைக்கே வந்திருந்தா..." என்று தொடங்கி, பூரணியின் முகத்தைப் பார்த்து நிறுத்திவிட்டாள் போலிருக்கிறது. எனக்கு எதுவும் தெரியவில்லை, பேச்சு நின்றது மட்டும் கேட்டது.

"திரும்பப் படிக்க முடியுமா?" என்று கேட்டேன். அது ஒன்றைத்தான் கேட்டேன்.

"நடமாட்டத்துக்குக் கஷ்டம் இருக்காதும்மா" என்றாள். நான் கேட்டதற்கு அது பதில் இல்லை.

ஆகஸ்ட் 25, வியாழன்

வலது கண்ணில் ஊசி போட்டாயிற்று. வலியைவிட, ஊசி வருவது ஓரத்தில் தெரிந்ததுதான் கொடுமை.

அண்ணாச்சி பழம் வாங்கிக்கொண்டு வந்தார். என்னிடம் இருந்த கைப்பிரதிகளை எல்லாம் எடுத்துப் பையில் வைத்தார். "ஒடம்பப் பாருங்க. வேலை எங்க ஓடியா போவுது?" என்றார். கதவுவரை போய்விட்டுத் திரும்பி வந்து, "நீங்க இல்லாம நான் எப்படிக்கா?" என்று கேட்டார்.

செப்டம்பர் 4, ஞாயிறு

ஊசி பிடிக்கவில்லை. வலது கண்ணும் இறங்கிக்கொண்டே வருகிறது. நாளைக்குப் பூனே. பூரணி வீட்டை ஒழிக்கிறாள். கணினியைச் செய்யது எடுத்துக்கொண்டு போய்விட்டார். உதிரி பாகத்துக்காவது ஆகும் என்றேன். எடுக்கும்போது அவர் மூக்கை உறிஞ்சினார். தூசி என்றார்.

நேற்று எழுதியதைப் பூரணியிடம் காட்டினேன். ஒரு வரியின் மேல் இன்னொரு வரியை எழுதியிருக்கிறேனாம், ஒன்றும் புரியவில்லை என்றாள். நேற்று எழுதியது அப்படியே போய்விட்டது. இன்றைக்குக் கோட்டின் மேல் ஸ்கேலை வைத்துத் தடவித் தடவி எழுதுகிறேன். இதுவும் எப்படி வந்திருக்கிறதோ.

இனிமேல் நீ சொல்லும்மா, நான் எழுதுகிறேன் என்கிறாள். நிறைய மதிப்பெண் கிடைக்கும் என்று பள்ளிக்கூடத்தில் தமிழுக்குப் பதில் பிரெஞ்சு எடுத்தவள். தமிழ் எழுத்தை நான் வீட்டில் சொல்லிக்கொடுத்ததுதான் அவளுக்கு.

செப்டம்பர் 18, ஞாயிறு

இன்று முதல் நான் சொல்லச் சொல்லப் பூரணி எளுதுகிறாள்.

பூனே. பதினோராவது மாடி. எனக்குக் கொடுத்திருக்கும் அரையில் நல்ல வெழிச்சம் இருக்கிறது என்கிறார்கள். ஜன்னல் பக்கம் உட்கார்ந்தால் காற்று வருகிறது. கன்னுக்கு மறுந்து விடுகிற நேரம் தவிர வேறு வேலை இல்லை. இங்கே கடைப் பலகை எல்லாம் வேறு எளுத்தாம். தெறிந்தாலும் எனக்கு ஒன்றும் திருத்துவதற்கு இல்லை.

வேலாயுதம் அன்னாச்சி போன் பன்னினார். பிரமநாயகம் வீட்டுக் கல்யானம் நல்லபடியாக முடிந்ததாம். பத்திரிகையில் 'உயர்திரு' என்று சரியாக வந்துவிட்டதாம். அதைக் கேட்டதும் அளுதேன்.

சொல்வதை அப்படியே எளுத வேண்டும், அவசரப்படக் கூடாது என்று பூரணியிடம் சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு வரிக்கும் நிறுத்திக் கேட்கிறேன். கன்னுக்கு மூன்று சுளி போட்டாயா? போட்டேன் அம்மா. வெழிச்சத்துக்கு எந்த ளகரம்? நீ சொல்லிக்கொடுத்ததுதான் அம்மா. பாவம், பொருமையாகப் பதில் சொல்கிறாள்.

முளுவதையும் எனக்கு வாசித்துக் காட்டினாள். கன்னை மூடிக்கொன்டு கவனமாகக் கேட்டேன். ஒரு பிளை கூட இல்லை.